யாரும் கேட்காத பெயர்

ஜூன் 11, செவ்வாய்

நாள் முழுக்க மழை. கடையில் ஆளில்லை. பென்ஸான்ஸில் மழை பெய்தால் சுற்றுலாக்காரர்கள் தேநீர்க் கடைக்குத்தான் ஓடுவார்கள், பழைய புத்தகக் கடைக்கு வரமாட்டார்கள். இன்று விதிவிலக்காக ஒரு தம்பதி, நனைந்த நாயோடு. ஆற்றுக்கு அப்பால் ஊர்க்காரர்கள், கார்னிஷ் ஆட்கள் இல்லை என்று வாயைத் திறந்ததுமே தெரிந்தது. குழந்தைகளுக்கு வைக்கும் கார்னிஷ் பெயர்கள் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். என்னையறியாமல் அவள் வயிற்றைப் பார்த்தேன்.

"ஐயோ, குழந்தைக்கு இல்லைங்க, வீட்டுக்கு! பக்கத்துல மவுஸ்ஹோல்ங்கற ஊர்ல ஒண்ணு வாங்கியிருக்கோம். இந்த ஊர்ப் பேரா இருந்தா வாடகைக்கு வர்றவங்களுக்குப் பிடிக்குமாம்."

அலமாரி அருகிலேயே நின்று, கணவனுக்காக ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தாள். லோவெனா. கெரென்ஸா. கென்ஸா.

"கென்ஸா அழகா இருக்குல்ல?"

"வீட்டுக்கு வேணாம். அடுத்த நாய்க்கு வெப்போம்" என்றான் அவன்.

அந்தப் புத்தகம் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். முதல் பக்கத்தில் பென்சிலால் விலை எழுதியிருந்தது; அவள் அதைப் பார்த்தும் இருந்தாள். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 12

ஏன் பொய் சொன்னேன் என்று எழுதினால்தான் இந்த வாரம் நகரும்.

கென்ஸா என் மகளின் பெயர். பழைய கார்னிஷ் மொழியில் முதலாமவள் என்று பொருள். போன வருடம் மார்ச்சில் பிறந்தாள், மூச்சில்லாமல். என் கணவன் ஜோரியின் கறுப்பு முடி. அது எவ்வளவு அடர்த்தி என்பது அவனுக்கும் எனக்கும் ஒரு செவிலிக்கும் மட்டும் தெரியும்.

பெயர் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஜோரியின் கிட்டோ குடும்பத்தில் ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் படும்வரை குழந்தையின் பெயரை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் குழந்தைக்கு ஆகாதாம். என் மாமியார் ஸெனோபியா இதை நம்புகிறாரா என்றால், கடவுளை நம்புகிற அளவுக்கு நம்புகிறார். அதனால் இந்தக் குடும்பத்தில் யாரும் பெயரைக் கேட்கவும் மாட்டார்கள். கேட்பது அநாகரிகம். நான் கர்ப்பமாக இருந்த மாதங்கள் முழுக்க ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு திரிவது போல.

பிறகு தண்ணீர் படவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மரியாதைக்காகக் கேட்காமல் இருந்தவர்கள் அப்படியே கேட்காமல் இருந்துவிட்டார்கள். எங்களுக்கும் அப்போது சொல்ல வாய் வரவில்லை. கல்லறைத் தோட்டத்து மரப்பலகையில் 'கிட்டோ' என்று மட்டும் இருக்கிறது. யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தோம்.

நேற்று முதல் முறையாக அந்தப் பெயரை இன்னொருவர் வாயில் கேட்டேன். நாய்க்கு.

ஜூன் 23, ஞாயிறு

மாமியார் வீட்டில் சாப்பாடு. எல்லோரையும் போல நானும் அவரை நோபி என்றுதான் கூப்பிடுவேன். முழுப் பெயரையும் வங்கிக்காரன் மட்டும் சொல்வான்.

ஜோரியின் தங்கை மெரின் ஐந்து மாதம். அவள் கணவன் ஆடம் லீட்ஸ்காரன். மெரினுக்கு எதையும் அடக்கி வைக்கத் தெரியாது. இறைச்சி அடைத்த பாஸ்டியைப் பிட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"பொண்ணாம். கார்னிஷ் பேருதான் வெக்கப்போறேன். எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்லுங்க."

நோபி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டார். "மெரின்! வாயைக் கழுவு. பேரைப் போய் சாப்பாட்டு மேசையிலயா பேசறது?"

"அம்மா, இது என்ன காலம்? என் வேலையிடத்துல ஓட்டெடுப்பே நடத்திட்டேன்."

நோபிக்கு மூச்சு வாங்கியது. ஆனால் அபிப்பிராயம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "பேசறதுன்னு ஆயிடுச்சு, கேட்டுக்கோ. நம்ம வீட்டுப் பேருன்னா லவ்டே, ஆனர், கிரேஸ். சேப்பல் சுவத்துல பொறிச்சிருக்கு, போய்ப் பாரு. நீங்க வெக்கிறதெல்லாம் மொழி செத்தப்புறம் புத்தகத்துலேர்ந்து தோண்டி எடுத்தது. எங்க காலத்துல எவ வெச்சா?"

"ஏன், ரொட்டிக்கடை டிரெஸ்ஸா இல்லையா?"

"அவ கதை வேற. மூணாவதும் பொண்ணாப் பொறந்ததும் அவங்கம்மாவுக்கு அலுத்துப்போச்சு. மூணாவதுன்னே பேர் வெச்சுட்டா."

ஆடம் சிரித்தான். "எங்க ஊர்ல யோசிக்கவே மாட்டோம். எனக்கு மொத மனுஷன் பேரு. அதுக்கு முன்னாடி போக முடியாதுல்ல?"

"அப்ப மொதல்ங்கறதையே வெச்சுருவோமா? கென்ஸா, நெஸ்ஸா, டிரெஸ்ஸா. ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மெரின் விரலை மடக்கினாள். "நெஸ்ஸாவும் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மூத்த பொண்ணுக்கு ரெண்டாவதுன்னு எந்தப் பைத்தியமாவது பேர் வெக்குமா? கென்ஸாதான். இந்த வீட்டுக்கு மொதப் பேத்தி!"

சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். "அதாவது... அப்படிச் சொல்லல, ஜெனி."

"தெரியும்" என்றேன். உருளைக்கிழங்குப் பாத்திரத்தை ஆடம் பக்கம் நகர்த்தினேன். ஜோரி எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டான்.

ஜூன் 24

நேற்று வீட்டுக்கு வரும் வழியில் காரில் ஜோரி கேட்டான்: "சொல்லிட்டா என்ன?"

சொன்னால் மெரின் உடனே விட்டுவிடுவாள். அழுவாள், கட்டிப்பிடிப்பாள், விட்டுவிடுவாள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவளிடமிருந்து நான் பிடுங்கியதாகத்தானே ஆகும்? என் மகளைப் பற்றிக் குடும்பம் முதன்முதலாகத் தெரிந்துகொள்வது அதுவாகத்தான் இருக்க வேண்டுமா?

"அந்தப் புள்ளைக்குன்னு இருக்கறதே அது ஒண்ணுதான், ஜெனி" என்றான். படகுத் துறையில் அவன் வேலை படகுகளின் பின்பக்கத்தில் பெயர் எழுதுவது. நியூலின் துறைமுகத்தில் பாதிப் படகுகளுக்கு யாரோ ஒருவரின் மகள் பெயர். அன்றாடம் அடுத்தவர் மகள்களை எழுதிவிட்டு வீட்டுக்கு வருகிறான்.

ஜூலை 9

மெரின் கடைக்கு வந்தாள். மேசைமேல் அந்தப் புத்தகம் இன்னும் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனாள். அவளிடம் விற்பனைக்கு இல்லை என்று சொல்ல முடியுமா?

ஜூலை 20

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வாரம் முழுவதும் மெரினுக்குப் பெயர்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஹெட்ரா, எஸெல்ட், டெகென். ஒவ்வொன்றுக்கும் பொருள், எந்த ஊரில் வழங்கியது என்று ஒரு பாடம். என்னைப் பார்த்தால் ஏதோ பெரிய அக்கறை போலத் தெரியும்.

அவள் பதில்: "எல்லாம் நல்லாருக்கு. கென்ஸா மாதிரி இல்ல."

ஆகஸ்ட் 4

ஒரு யோசனை. என் பெயரே இங்கிருந்து போனதுதான். ஜெனிஃபர் என்பது கார்னிஷ் பெயர் என்று இன்று யாருக்காவது தெரியுமா? உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு, எந்த ஊரையும் சேராத பெயராகத் திரும்பி வந்திருக்கிறது. சிறுவயதில் பள்ளியில் எங்கள் வகுப்பில் மட்டும் நான்கு ஜெனிஃபர்கள். நான் ஒருநாளும் குறைபட்டதில்லை. பெயர் என்ன பாத்திரமா, ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போக?

ஆனால் நாங்கள் நால்வரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்போமே. அதுதான் வித்தியாசம். கடற்கரையில் "கென்ஸா!" என்று யாராவது கத்துவார்கள். ஒரு குழந்தை திரும்பிப் பார்க்கும். அது என்னுடையதாக இருக்காது. அப்புறம் அந்தப் பெயர் அந்தக் குழந்தையுடையதாகவே ஆகிவிடும். நானே மனசுக்குள் சொன்னாலும் அந்த முகம்தான் வரும். கறுப்பு முடி போய்விடும். எனக்கு அதுவும் போய்விடும்.

ஆகஸ்ட் 18

நடந்ததை எழுதுகிறேன்.

மெரின் வீட்டில் குழந்தைக்கான அறைக்கு ஆடம் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான். கதவில் எழுத ஜோரியைக் கேட்கலாமா என்றாள் மெரின்: கென்ஸா என்று, அலையும் நட்சத்திரமும் போட்டு. ஜோரி கையால். இந்த அறைக் கதவில்.

"அதை இப்ப வாடகை வீட்டுக்கும் நாய்க்கும் வெக்கிறாங்க, மெரின்" என்றேன். "பழைய பேரும் இல்ல. உங்கம்மா சொன்னது சரிதான். நாலு பேர் படிச்ச புத்தகத்துல இருக்கற பேரு. பத்து வருஷத்துல கேலி பண்ணுவாங்க."

என் குரல் இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எனக்கே தெரியாது.

அவள் தன் கையிலிருந்த தூரிகையைக் கீழே போட்டாள். "நான் எந்தப் பேரைச் சொன்னாலும் உனக்கு நொட்டை. நாப்பி வாங்கினா நொட்டை. உன் புள்ள போனதுலேர்ந்து என் புள்ளையோட எதையும் உன்னால பாக்க முடியல. சொல்லிடு, ஜெனி. படிச்ச வார்த்தையில சுத்தி வளைக்காதே. பிடிக்கலைன்னு சொல்லிடு!"

"மெரின்..." என்றான் ஆடம், ஏணிமேல் இருந்தபடியே.

சொல்லியிருக்கலாம். அந்த நொடிதான் சரியான நொடி. நான் கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19

அவள் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று யோசித்துக்கொண்டே இரண்டு பெட்டிப் புத்தகங்களைத் தவறான அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நோபி வீட்டுக்கு ஜோரி மட்டும் போனான். எனக்குத் தலைவலி என்று சொல்லச் சொன்னேன். இது மூன்றாவது ஞாயிறு. நோபி ஒரு டப்பா நிறையக் குங்குமப்பூ பன் கொடுத்தனுப்பியிருக்கிறார். என்ன விஷயம் என்று கேட்கவில்லையாம். இந்த வீட்டில் எல்லோரும் எவ்வளவு நாகரிகமாகக் கேட்காமல் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 27

கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மலைமேல் காற்று. பலகை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வெளுத்துவிட்டது. ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒருமுறை. குரல் யாருடையது போலவோ இருந்தது.

அக்டோபர் 12, சனி

மெரினுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். ஜோரி போனைக் காதில் வைத்துக்கொண்டு "நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு சமையலறையில் நின்று அழுதான். நானும் பக்கத்தில் நின்றேன்.

அக்டோபர் 15

பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியாது. மெரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு இருவருமே கேட்கவில்லை. குழந்தைக்கு முடியே இல்லை, வழுக்கை. எனக்கு அதில் எவ்வளவு ஆறுதல் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

தொட்டிலில் பெயர் இல்லை. "அம்மா கெஞ்சிட்டாங்க" என்றாள் மெரின். "சேப்பல்ல ஞானஸ்நானம் முடியற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். ஊருக்கே தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்." சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நவம்பர் 16, சனி

நாளை ஞானஸ்நானம். நான் போகவில்லை. ஜோரியிடம் சொன்னேன். போதகர் பெயரைக் கேட்பார், மெரின் சொல்வாள், எல்லோரும் 'ஆமென்' என்பார்கள். அந்த ஆமெனை என்னால் கேட்க முடியாது.

"நீ வரலைன்னா ஏன்னு கேப்பாங்க" என்றான்.

"கேக்க மாட்டாங்க" என்றேன். "உங்க குடும்பத்துல யாரு எதைக் கேட்டிருக்காங்க? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவ பேரு என்னன்னு யாராவது கேட்டாங்களா?"

கத்திவிட்டேன் போல. அவன் கோட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலிகள் எடுத்துவைக்க அம்மா வரச் சொன்னார் என்று கிளம்பிப் போனான்.

நவம்பர் 17, ஞாயிறு

ஜோரி விடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். நான் சேப்பல் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தேன், மலைமேல். நல்ல நாளாகப் பார்த்து மழை இல்லை. கல்லறைத் தோட்டத்து வாசற்கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் பாதையில் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். எல்லோரும். முன்னால் நோபி, கையில் வெள்ளைத் துணி சுற்றிய பொட்டலம். பின்னால் குழந்தையோடு மெரின், ஆடம், கடைசியில் ஜோரி. சேப்பல் கடற்கரை ஓரம். இந்த வழி ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். யாரும் இந்த வழியாகப் போக மாட்டார்கள்.

அந்தப் பொட்டலத்துக்குக் கிம்ப்ளி என்று பெயர்; உள்ளே புதிதாகச் சுட்ட ரொட்டி. ஞானஸ்நானத்துக்குப் போகும் வழியில் முதலில் யார் எதிரே வருகிறார்களோ, பிச்சைக்காரனோ போலீஸ்காரனோ, அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மேலே நடக்க வேண்டும். நோபி இன்னும் விடாத வழக்கங்களில் ஒன்று.

நோபி என் முன்னால் வந்து நின்றார். மலையேறி மூச்சு வாங்கியது. பொட்டலத்தை என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது.

"கீழ வழியில போனா எவனாவது மீன்காரன் முன்னாடி வந்து நிப்பான்" என்றார். "நீ இங்கதான் இருப்பேன்னு ஜோரி சொன்னான், அதான் இப்படி."

பிறகு கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஜோரி நேத்து சொன்னான். பேரைச் சொல்லல. யாரும் கேக்கலையேன்னு மட்டும் சொன்னான். நான் ஒரு முட்டாள், புள்ள. தண்ணி படாம கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். அப்புறம் தண்ணி பட வழியே இல்லாமப் போச்சு, நான் கேக்காமயே இருந்துட்டேன். அந்தக் குழந்தைக்கு என்ன பேரு, ஜெனி?"

மெரின் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். இன்றைக்காவது. ஆனால் இருபது மாதமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்த வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"கென்ஸா."

மெரினின் கை நின்றது. நோபி கண்ணை மூடிக்கொண்டார். ஆடத்துக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கடற்பறவை ஒன்று எங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே போனது.

"நான் கதவுல எழுதச் சொன்னேன்" என்றாள் மெரின், மெல்ல. "ஜோரியவே எழுதச் சொன்னேன்."

"உனக்குத் தெரியாதே."

"ஏன்டி சொல்லல? நான் உன்னை என்னெல்லாம் பேசினேன்!"

"வெச்சுக்கோ, மெரின். நிஜமாத்தான் சொல்றேன். நல்ல பேரு அது. யாராவது சத்தம் போட்டுக் கூப்பிடணும்." நிஜமாகத்தான் சொன்னேனா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

அவள் ஒற்றைக் கையால் என் கோட்டுக் கையைப் பற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நானும் நடந்தேன். பாதி வழியில் ஆடத்தின் காதில் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான்.

சேப்பலில் கடைசி வரிசையில் ஜோரியும் நானும். கிம்ப்ளி என் மடியில். போதகர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, இந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"நெஸ்ஸா" என்றாள் மெரின்.

போதகர் முன்பே பெயர் எழுதிக் கொடுத்திருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நெஸ்ஸாவா?"

"நெஸ்ஸா. ரெண்டாவது." சேப்பல் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னாள்.

ஜோரி என் கையைப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. விரல் வலித்தது.

நவம்பர் 24

கல்லறையில் மரப்பலகைக்குப் பதிலாக வைக்க, ஜோரி பலகைக் கல்லில் எழுதிக்கொண்டிருக்கிறான். அலை இல்லை, நட்சத்திரம் இல்லை. பெயர் மட்டும். கடைசி எழுத்தை மூன்று முறை அழித்து எழுதிவிட்டான். திருப்தியில்லை. அவசரம் ஒன்றும் இல்லை என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

ரொட்டிக்கடையில் வரிசை. எனக்கு முன்னால் மெரின், தள்ளுவண்டியோடு. டிரெஸ்ஸா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கொண்டாங்கடி, நான் பாக்கணும். பேரு என்ன வெச்சே, கண்ணு?"

"நெஸ்ஸா."

"நெஸ்ஸாவா?" டிரெஸ்ஸா சிரித்தாள். எண்ணிக்கைப் பெயர்களைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? "மொதல்ல ஒண்ணு இருந்தாத்தானே நெஸ்ஸா! எங்கடி மூத்தவ?"

கேட்ட பிறகுதான் அவள் என்னைப் பார்த்தாள். முகம் காதுவரை சிவந்தது. வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

மெரின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில்லறையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "மேல, மலையில இருக்கா. எங்க அண்ணன் பொண்ணு. கென்ஸா."

டிரெஸ்ஸா கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். பன் எடுக்கும் இடுக்கியைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, வரிசை காத்திருப்பதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல், கேட்டாள்.

"யாரு சாடை, ஜெனி?"

ஜோரி சாடை என்றேன். கறுப்பு முடி என்றேன். நிறைய இருந்தது என்றேன்.